லாப்டாப்புக்கு விசிறி வாங்கப் போகிறீர்களா?

சித்திரை பிறந்து பத்து நாள் ஆவதற்குள் நம் திருச்சி, அடுப்பில் வைத்த இரும்புச் சட்டி மாதிரி ஆகிவிடுகிறது. மே 4-ஆம் தேதி வாக்கில் கத்திரி ஆரம்பித்தால், மாதக் கடைசி வரை காவிரிக் கரையிலே கூட அனல்தான். ரங்கநாதருக்கே வைகாசியில் வசந்த உற்சவம் நடத்திக் குளிர வைக்கிற ஊர் இது! மனுஷாள் நாம் நீர் மோர், வெள்ளரிப் பிஞ்சு, நுங்கு என்று எப்படியோ சமாளித்து விடுகிறோம். வீட்டில் வாயில்லாத ஜீவன் ஒன்று இருக்கிறதே, அதன் சூட்டை யார் கவனிக்கிறார்கள்? பசு மாட்டைச் சொல்லவில்லை, சகோதரிகளே! கூடத்தில் பையன் மடியிலும், உள்ளே மருமகள் கட்டிலிலும், பொழுது விடிந்து பொழுது போனால் உறுமிக்கொண்டே இருக்கிற லாப்டாப்பைத்தான் சொல்கிறேன்.

ஸ்ரீரங்கம் உத்தர வீதியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மருமகள் வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்க்கிறாளாம். மத்தியானம் இரண்டு மணி ஆனால் லாப்டாப்பின் அடிப்பாகம் தோசைக்கல்லாகக் கொதிக்கிறதாம். அதற்கடியில் வைக்க 'கூலிங் பேட்' என்று விசிறிப் பலகை ஒன்று விற்கிறார்களே, வாங்கலாமா, வாங்கினால் எதை வாங்குவது என்று கேட்கிறார். நல்ல கேள்வி. இது ஒரு வீட்டுச் சமாசாரம் இல்லை. 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அப்போது முதலமைச்சராக இருந்த ஜெயலலிதா நம் ஸ்ரீரங்கம் தொகுதி எம்.எல்.ஏ. என்பது உங்களுக்கு நினைவிருக்கும். அதே நாளில் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கும் திட்டமும் தொடங்கியது. அதற்கப்புறம் 2020-இல் ஊரடங்கு வந்து, வேலை, படிப்பு எல்லாம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. இப்போது அம்மிக்கல் இல்லாத வீடு உண்டு, லாப்டாப் இல்லாத வீட்டைத் தேட வேண்டும்.

முதலில் இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். கணக்குப் போடுகிற சில்லு ஒன்று உள்ளே இருக்கிறது, பிராசசர் என்கிறார்கள். அது வேலை செய்தால் சூடாகும். அந்தச் சூட்டை ஒரு செப்புக் குழாய் இழுத்துக்கொண்டு போய், சீப்புப் பல் மாதிரி இருக்கிற மெல்லிய தகடுகளில் விடும். சின்ன விசிறி ஒன்று, பெரும்பாலும் அடிப்பக்கத்துத் துளைகள் வழியாகக் காற்றை உள்ளே இழுத்து, அந்தத் தகடுகளுக்கு நடுவே ஊதி, பக்கவாட்டிலோ பின்னாலோ வெளியே தள்ளும். சமையலறையில் கீழே ஜன்னல், மேலே புகைபோக்கி இருக்கிறதே, அதே ஏற்பாடுதான். ஜன்னலைச் சாத்திவிட்டால் புகை எங்கே போகும்?

கட்டில் மெத்தையில், அதுவும் இலவம்பஞ்சு மெத்தையில், லாப்டாப்பை வைத்தால் ஜன்னலைச் சாத்தின கதைதான். அது மெத்தைக்குள் அமுங்கி, கீழே உள்ள துளைகள் எல்லாம் அடைபட்டுப் போகும். உள்ளே சூடு 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். "மத்தியானம் ஆனா ரொம்ப ஸ்லோவா இருக்கும்மா" என்று பிள்ளைகள் சொல்வதற்கு அநேகமாக இதுதான் காரணம். மிஷினுக்கு வயசாகிவிட்டது என்று அவசரப்பட்டுப் புதிசு வாங்கிவிடாதீர்கள்!

ஒரு விஷயத்தை மனசில் நன்றாகப் பதிய வைத்துக்கொள்ளுங்கள். மின்விசிறி காற்றைக் குளிர வைப்பதில்லை. நமக்கு விசிறிக் காற்று ஜில்லென்று இருப்பதற்குக் காரணம் வியர்வை. அது ஆவியாகும்போது உடம்புச் சூட்டையும் கொண்டு போகிறது. லாப்டாப்புக்கு வியர்க்குமா? அறையில் 40 டிகிரி இருந்தால், எத்தனை ஃபேன் வைத்த பலகையும் அந்த 40 டிகிரிக் காற்றைத்தான் ஊதும். அதற்குக் கீழே ஒரு டிகிரி கூடக் குறைக்க முடியாது. உள்ளே 90 டிகிரியில் கொதிக்கிறதை 80-க்கோ 85-க்கோ இறக்க அந்தக் காற்றும் போதும் என்பது வேறு விஷயம். ஆப்பிள் கம்பெனி தன் லாப்டாப்புகளை 10 முதல் 35 டிகிரிக்குள் இருக்கும் இடத்தில் உபயோகிக்கச் சொல்கிறது. நம் ஊர் மே மாதம் அவர்கள் மனசில் இல்லை போலிருக்கிறது! ஆகையால் மாடி அறையில் தகரக் கூரைக்கடியில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள், பலகை வாங்குமுன் கீழே கூடத்துக்கு இறங்கி வந்தாலே பாதி பிரச்னை தீரும். ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகளில் முற்றத்தை ஒட்டிய தாழ்வாரம் இருக்கிறதே, மத்தியான வேலைக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

வாங்குவதற்கு முன்னால் காசில்லாத பரீட்சை இரண்டு இருக்கிறது. இரண்டையும் செய்து பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

ஒன்று, காகிதப் பரீட்சை. லாப்டாப் ஓடிக்கொண்டிருக்கும்போது லேசாகத் தூக்கிப் பிடித்து, அடியில் உள்ள துளைகள் அருகே ஒரு மெல்லிய காகிதத் துண்டைக் காட்டுங்கள். ஒட்டிக்கொண்டால் அது காற்றை இழுக்கிற வாய். படபடத்து விலகினால் வெளியே விடுகிற வாய். எந்த இடத்தில் இழுக்கிறது என்று பென்சிலால் ஒரு தாளில் படம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ரவிக்கை தைக்கக் கொடுக்கும்போது அளவு ரவிக்கை எடுத்துப் போகிறோம் இல்லையா, அது மாதிரி இந்தத் தாளும் கூடப் போகட்டும். அடியில் துளையே இல்லையா? அப்படியும் சில உண்டு. ஆப்பிளின் மேக்புக் வகைகளுக்கு அடிப்பாகம் மொட்டையாகத்தான் இருக்கும். 2020 கடைசியிலிருந்து வருகிற மேக்புக் ஏர்களில் உள்ளே விசிறியே கிடையாது. இவற்றுக்குக் கீழேயிருந்து ஊதுகிற பலகையால் பெரிய லாபம் இல்லை. தகட்டுக்கு வெளியே கொஞ்சம் சூடு குறையும், அவ்வளவுதான்.

இரண்டாவது, மூடிப் பரீட்சை. தண்ணீர் பாட்டில் மூடிகள் இரண்டை எடுத்து, லாப்டாப்பின் பின்பக்கத்து ரப்பர் கால்களுக்கு அடியில் வையுங்கள். மேஜையோ, கடப்பைக் கல் மேடையோ, சமமான கெட்டி இடமாக இருக்கவேண்டும். அரை மணி வேலை செய்யட்டும். உறுமல் சத்தம் குறைகிறதா? கைக்குத் தெரிகிற மாதிரி சூடு தணிகிறதா? காலேஜ் படிக்கிற பிள்ளை இருந்தால் 'எச்.டபிள்யூ.மானிட்டர்' மாதிரி சூட்டைக் காட்டுகிற இலவசப் புரோகிராம் ஒன்றை ஏற்றி, மூடி இல்லாமல் அரை மணி, மூடியோடு அரை மணி, ஒரே வேலையைச் செய்து டிகிரியைக் குறித்துத் தரச் சொல்லுங்கள். மூடி வைத்ததிலேயே திருப்தியாகிவிட்டால் உங்களுக்கு வேண்டியது விசிறிப் பலகை அல்ல, சாதாரண ஸ்டாண்டு. மெயில், எழுத்து வேலை, ஆன்லைன் வகுப்பு என்று இருக்கிற வீடுகளுக்கு அதுவே தாராளம். மின்சாரம் வேண்டாம், சத்தம் இல்லை, பழுதாகவும் ஒன்றுமில்லை. நான் பெரும்பாலான வீடுகளுக்குச் சிபாரிசு செய்வது இதைத்தான்.

மூடி வைத்தும் அடங்கவில்லை என்றால்? அப்போதும் கடைக்கு ஓடாதீர்கள். லாப்டாப் வாங்கி மூன்று, நாலு வருஷம் ஆகியிருந்தால் உள்ளே தூசி அடைத்திருக்கும். நம் வீடுகளில் ஊதுவத்திப் புகை, கோலமாவு, முகப் பவுடர், மெத்தைப் பஞ்சு எல்லாம் காற்றில் மிதக்கிறது. அத்தனையும் அந்தச் சீப்புத் தகடுகளில் போய்க் கம்பளி மாதிரி படிந்துவிடும். பிராசசருக்கும் செப்புக் குழாய்க்கும் நடுவே தடவியிருக்கிற பசையும் காலப்போக்கில் காய்ந்து போகும். பழக்கமான மெக்கானிக்கிடம் கொடுத்துத் திறந்து சுத்தம் செய்து பசையும் மாற்றிவிட்டால், பல மிஷின்கள் புதிசு மாதிரி அமைதியாகிவிடும். மூக்கு அடைத்த குழந்தைக்கு எதிரே ஃபேனைப் போட்டு என்ன பிரயோசனம், சொல்லுங்கள்? முதலில் மூக்கைச் சிந்த வேண்டும்!

இதெல்லாம் பார்த்த பிறகும் சூடு தொல்லை கொடுக்கிறது, படம் வரைகிற வேலை, வீடியோ எடிட்டிங், பெரிய கேம் என்று கனமான உபயோகம் இருக்கிறது என்றால், சரி, கிளம்புங்கள் சிங்காரத்தோப்புக்கோ தில்லைநகருக்கோ. லாப்டாப்பையும் கூடவே எடுத்துப் போங்கள். வெறுங்கையோடு போகாதீர்கள்.

கடையில் நடப்பது இப்படித்தான் இருக்கும். "இது ஆறு ஃபேன்மா, நீல லைட் எரியும், காலேஜ் பசங்கெல்லாம் இதைத்தான் வாங்கறாங்க" என்று ஒன்றை எடுத்து வைப்பார்கள். ஆறு ஃபேன் இருந்தால் ஆறு மடங்கு குளிர்ச்சி என்று நினைத்துவிட வேண்டாம். உங்கள் லாப்டாப் காற்றை இழுக்கிற வாய் வலது மூலையில் இருந்து, பலகையின் ஃபேன்கள் நடுவில் இருந்தால், அத்தனை காற்றும் மொட்டைத் தகட்டில் மோதித் திரும்பிவிடும். நீங்கள் வரைந்த தாளை எடுங்கள். வாய்க்கு நேரே ஃபேன் வருகிறதா? அது ஒன்றுதான் முதல் கேள்வி. சின்னச் சின்னதாக ஆறு இருப்பதைவிட 12, 14 சென்டிமீட்டர் அகலத்தில் இரண்டு பெரிய ஃபேன்கள் மெதுவாகச் சுழன்று நிறையக் காற்றைத் தள்ளும், சத்தமும் குறைவு. சின்ன ஃபேன் அதே காற்றைத் தள்ள வேண்டுமென்றால் கொசு மாதிரி கத்திக்கொண்டு சுற்றவேண்டும். தொட்டிலில் குழந்தை தூங்குகிற வீட்டில் இது சின்ன விஷயமா?

அடுத்தது, காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். பலகையை ஓடவிட்டு மேலே காகிதத்தைப் பிடியுங்கள். காகிதம் மேலே எழும்ப வேண்டும். சில பலகைகள் காற்றைக் கீழே இழுக்கிற விதமாக இருக்கின்றன. லாப்டாப்பின் விசிறி மேல் நோக்கி இழுக்க, இது கீழ் நோக்கி இழுக்க, இரண்டும் கயிறு இழுக்கும் போட்டி நடத்தினால் நமக்கு என்ன லாபம்?

மேல்தட்டு இரும்பு வலையாக இருப்பது நல்லது. காற்றுக்கு வழி இருக்கும், உலோகம் கொஞ்சம் சூட்டையும் வாங்கிக்கொள்ளும். ஆனால் வலைக் கண் பெரிசாக இருந்து, தவழுகிற குழந்தையின் சுண்டுவிரல் உள்ளே போகுமா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். இந்தச் சோதனையைக் கடைக்காரரோ வீட்டு ஆண்களோ செய்யமாட்டார்கள், நாம்தான் செய்யவேண்டும். தொங்குகிற ஒயரும் அப்படியே. குழந்தை அதைப் பிடித்து இழுத்தால் பலகையோடு லாப்டாப்பும் கீழே வரும். முன்பக்கத்தில் வழுக்காமல் தாங்குகிற விளிம்பு இருக்கிறதா, சாய்வைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா என்பதையும் வைத்துப் பாருங்கள். 15.6 அங்குல லாப்டாப்பை 14 அங்குலப் பலகையில் வைத்தால், பேரனுடைய செருப்பில் தாத்தா கால் நுழைத்த மாதிரி இருக்கும்.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். சாதாரணப் பலகைகள் லாப்டாப்பின் யு.எஸ்.பி. துளையிலிருந்தே எடுத்துக்கொள்ளும். பழைய யு.எஸ்.பி. 2.0 துளை 2.5 வாட், 3.0 துளை 4.5 வாட் கொடுக்கும். ஃபேனுக்கு இது போதும். ஆனால் கரண்ட் போன நேரத்தில் பேட்டரியில் ஓடினால் அதிலிருந்து இதுவும் சாப்பிடும். செல்போன் சார்ஜரிலிருந்து ஓட்டுகிற வசதி இருந்தால் நல்லது. ஒரு துளையை அடைத்துக்கொண்டால் பதிலுக்கு இன்னொன்று தருகிற பலகையாகவும் கிடைக்கும். நீல விளக்கு, சிவப்பு விளக்கு எல்லாம் கொலுவுக்குத்தான் ஆகும், குளிர்ச்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இன்னொரு ரகம் இருக்கிறது. சுற்றிலும் ஸ்பாஞ்சு வைத்து, லாப்டாப்பின் அடிப்பாகத்தோடு இறுகப் பொருந்தி, காற்றை வேகமாக உள்ளே அழுத்துகிற பெரிய ஊதல். கேம் ஆடுகிற லாப்டாப்புகளுக்கு உண்மையிலேயே பலன் தருவது இதுதான். ஊதுகிற காற்று பக்கத்தில் கசியாமல் அத்தனையும் உள்ளே போகிறது. ஆனால் விலை பல மடங்கு, தனி அடாப்டர் வேண்டும், முழு வேகத்தில் வைத்தால் வாக்குவம் கிளீனர் ஓடுகிற சத்தம்! பையன் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான், கஷ்டம் பக்கத்து அறையில் இருக்கிற நமக்கு. இது நிறையத் தூசியையும் உள்ளே தள்ளும். தூசி வடிகட்டி இருக்கிறதா என்று பார்த்து, வாரம் ஒரு முறை அதை உதறிக் கழுவிக் காயவைத்துப் போடவேண்டும். லாப்டாப்பின் விசிறி ஓய்வாக இருக்கும்போது இதை முழு வேகத்தில் ஓட்டவும் வேண்டாம்.

சாதாரண விசிறிப் பலகை, சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரம், ஆயிரத்து ஐநூறுக்குள் கிடைக்கிறது. அதற்கு மேல் கேட்டால் எதற்காக என்று கேளுங்கள். திருப்பித் தர ஒரு வாரமாவது அவகாசம் உண்டா என்று பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து அதே அரை மணிப் பரீட்சையை நடத்திப் பாருங்கள். அஞ்சு டிகிரியாவது குறையவில்லையானால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள்.

இனி உடம்பு சம்பந்தமான விஷயம். பெயர் என்னவோ மடிக்கணினி. ஆனால் தயாரிப்பவர்களே கையேட்டில், வெறும் தோலில் படும்படி வெகுநேரம் வைக்காதே என்று எழுதுகிறார்கள்! 2010-இல் ஸ்விட்ஸர்லாந்து டாக்டர்கள் ஒரு 12 வயதுப் பையனைப் பற்றி எழுதினார்கள். பல மாதமாகத் தினம் சில மணி நேரம் தொடையில் லாப்டாப்பை வைத்து விளையாடியதில், இடது தொடைத் தோலில் வலை போட்ட மாதிரி கருமை படர்ந்துவிட்டது. நெருப்பே படவில்லை, கொப்புளமும் இல்லை, லேசான சூடுதான், ஆனால் நாள்கணக்கில். வைத்தியர்களுக்கு இது புதுசில்லை. காலமெல்லாம் விறகடுப்பு முன்னால் உட்கார்ந்த பெண்களுக்கும், காஷ்மீரில் குளிருக்கு வயிற்றோடு கணப்புச் சட்டி கட்டிக்கொள்கிறவர்களுக்கும் வந்த அதே தழும்பு. அடுப்படியிலிருந்து நம் பாட்டிமார் கழற்றிப் போட்டதைப் பேரன்மார் மடியில் ஏந்திக்கொள்கிறார்கள்!

சர்க்கரை வியாதியால் காலில் மரமரப்பு உள்ளவர்கள் மடியில் வைக்கவே கூடாது. சூடு உறைக்காமலே தோல் வெந்துவிடும். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே மடியில் லாப்டாப்பை வைத்துக்கொள்கிற இளம் தாய்மார்களுக்கும் சொல்கிறேன், அந்தச் சூட்டுக்குக் குழந்தையின் தோல் தாங்காது.

ஆண்பிள்ளைகள் விஷயம் ஒன்று, கொஞ்சம் கூச்சமானது, ஆனாலும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழக டாக்டர்கள் 2005-இல், 29 ஆண்களை ஒரு மணி நேரம் மடியில் லாப்டாப்போடு உட்கார வைத்து அளந்தார்கள். விரைப் பகுதியில் சூடு இரண்டரை டிகிரிக்கு மேல் ஏறியது. தொடைகளைச் சேர்த்து உட்காருவதே அதில் பெரும் பங்கு என்றும் தெரிந்தது. அந்த இடம் உடம்பைவிடக் குளிர்ந்து இருந்தால்தான் விந்து நன்றாக உற்பத்தியாகும் என்பது எல்லா டாக்டரும் சொல்வது. 2011-இல் வெளியான அவர்களது அடுத்த ஆய்வில் மடியில் ஒரு பலகை வைத்துப் பார்த்தார்கள். ஒரு டிகிரி ஏற, பலகை இல்லாமல் 11 நிமிஷம். பலகையோடு 14 நிமிஷம். கால்களை அகட்டி உட்கார்ந்தபோது கூட 28 நிமிஷத்தில் ஏறிவிட்டது. அவர்கள் அளந்தது சூட்டை மட்டும்தான், ஆகவே வீணாகப் பயப்பட வேண்டாம். ஆனால் மடியில் வைப்பதற்குப் பலகை மருந்தில்லை, மேஜைதான் மருந்து. கல்யாணமாகிக் குழந்தைக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளிடம் இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். அல்லது இந்தப் பக்கத்தை மடித்து அவர்கள் மேஜையில் வைத்துவிடுங்கள்!

பலகையோ ஸ்டாண்டோ வைத்தால் லாப்டாப் உயர்ந்து நிற்கும். கழுத்துக்கு நல்லது, மணிக்கட்டுக்குக் கெடுதல். நாள் முழுவதும் வேலை செய்கிறவர்களுக்குத் தனியாக ஒரு கீபோர்டு வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

சில பேர் செய்கிற விபரீதங்களையும் சொல்லிவிடுகிறேன். ஈரத் துணியை அடியில் விரிப்பது, ஐஸ் பையை ஒத்துவது, ஃபிரிட்ஜுக்குள் பத்து நிமிஷம் வைப்பது... வேண்டவே வேண்டாம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த எவர்சில்வர் பாத்திரத்தில் முத்து முத்தாக நீர் கோக்கிறதே, அது லாப்டாப்புக்குள் கோத்தால் கதை முடிந்தது. தண்ணீர் ஊற்றுகிற ஏர்கூலரின் ஈரக் காற்றும் நேராக அதன் மேல் அடிக்க வேண்டாம். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டு மலைக்கோட்டை ஏறப் போகாதீர்கள். சார்ஜ் ஆகும்போது தலையணை, போர்வை எதுவும் மேலே மூடியிருக்கக் கூடாது.

லாப்டாப் மூடி சரியாக மூடவில்லை, விரலால் தடவுகிற சதுரம் மேலே எழும்பியிருக்கிறது, மேஜையில் வைத்தால் ஆடுகிறது என்று கண்டால், அது பேட்டரி உப்பியிருப்பதற்கு அடையாளம். அதை எந்த விசிறியும் சரி செய்யாது. உடனே அணைத்து, சார்ஜர் ஒயரைப் பிடுங்கிவிட்டு, குழந்தைகள் கைபடாத இடத்தில், எரியக்கூடிய சாமான்களுக்கு எட்டத்தில் வையுங்கள். குத்தவோ அழுத்தவோ கூடாது. சர்வீஸ் செய்கிறவரிடம் கொண்டு போய்ப் பேட்டரியை மாற்றுங்கள். கழற்றிய பழைய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிடாமல் அவர்களிடமே விட்டுவிட்டு வாருங்கள்.